கத்தி தேவைப்படாத பெட்டி: இணையத்தில் தேனும் எண்ணெயும் விற்பவருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தேனையும் செக்கு எண்ணெயையும் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து இணையச் சந்தைகளில் விற்கிறீர்கள். புட்டி உடைந்து வருகிறது என்று புகார் எழுந்தபோது பப்பிள் ரேப்பையும் பிரவுன் டேப்பையும் கூட்டினீர்கள். இப்போது உடைவது குறைந்திருக்கிறது. ஆனால் பெட்டியைத் திறப்பதே பெரும்பாடு என்றும், திறந்த பிறகு வீடெல்லாம் பிளாஸ்டிக் குப்பை என்றும் வாடிக்கையாளர்கள் எழுதுகிறார்கள். உடையாமல் போய்ச் சேர்வது, எளிதில் திறப்பது, குப்பை குறைவது ஆகிய மூன்றில் எதை விட்டுக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதே, அட்டைப்பெட்டித் தொழிலில் நெடுங்காலம் பெட்டி வடிவமைக்கும் வேலையில் இருந்த என் உறுதியான கருத்து. மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்றுதான். அது புட்டிக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையில் தேவைக்கு மேல் இருக்கும் வெற்றிடம். வெற்றிடம் இருப்பதால் புட்டி ஆடுகிறது, ஆடுவதால் உடைகிறது, உடைவதால் அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறோம், சுற்றியதை நம்ப முடியாமல் பெட்டிக்கு வெளியிலும் டேப்பை ஓட்டுகிறோம்.

நீங்கள் தந்த அளவுகளையே எடுத்துக்கொள்கிறேன். அரைக் கிலோ தேன் கொள்ளும் புட்டி சுமார் 8 செ.மீ. விட்டமும் 13 செ.மீ. உயரமும் உடையது. இரண்டு புட்டிகளை 30 × 25 × 20 செ.மீ. பெட்டியில் வைத்து அனுப்புகிறீர்கள். அந்தப் பெட்டியின் கொள்ளளவு 15,000 கன செ.மீ.; இரண்டு புட்டிகளும் அடைக்கும் இடம் அதில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு மட்டுமே. மீதி பத்துப் பங்கையும் நீங்கள் விலைகொடுத்து வாங்கிய பொருள்களால் நிரப்புகிறீர்கள், அல்லது காற்றாகவே அனுப்புகிறீர்கள். இதே இரண்டு புட்டிகளை 22 × 13 × 18 செ.மீ. உள்ளளவு கொண்ட பெட்டியில் வைத்தால், புட்டிகளுக்கு இடையிலும் சுவர்ப் பக்கங்களிலும் 2 செ.மீ. முதல் 2.5 செ.மீ. வரை மெத்தைக்கு இடம் கிடைக்கும். பெட்டியின் வெளிப்பரப்பு 3,700 சதுர செ.மீ.யிலிருந்து சுமார் 1,830 ஆக, அதாவது பாதியாகக் குறையும்.

கொரியர் கட்டணத்திலும் இது தெரியும். நம் நாட்டில் பெரும்பாலான கொரியர்களும் சந்தைத் தளங்களும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5,000ஆல் வகுத்துக் கன அளவு எடையைக் கணக்கிடுகின்றன. உண்மையான எடை, கன அளவு எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். உங்கள் இப்போதைய பெட்டியின் கன அளவு எடை 3 கிலோ. தேன், புட்டி, அட்டை எல்லாம் சேர்ந்த உண்மையான எடையோ 2 கிலோவுக்கும் குறைவு. சிறிய பெட்டியின் கன அளவு எடை 1 கிலோவைச் சற்றே தாண்டும் என்பதால் கட்டணம் உண்மையான எடைக்கு இறங்கிவிடும். வழக்கமான பெட்டிக் கடையில் இந்த அளவு ஆயத்தமாகக் கிடைக்காமல், சொல்லிச் செய்யும் பெட்டிக்குச் சற்றே கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தாலும், கொரியரில் மிச்சமாகும் தொகையை அதன் பக்கத்தில் எழுதிவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி உள்ளே நிரப்புவதைப் பற்றி. கண்ணாடி பெரும்பாலும் கண்ணாடியோடு மோதும்போதும், பெட்டியின் மூலை தரையில் இடித்து அந்த அதிர்ச்சி நேராகப் புட்டியின் தோளுக்குப் போகும்போதும்தான் உடைகிறது. ஆகவே இரண்டு புட்டிகளுக்கு நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு புட்டியையும் 2 ப்ளை ரோல் அட்டையால் (ப்ளை என்பது தாள் அடுக்கு; இதில் ஒரு தட்டைத் தாளும் அதன்மேல் ஒட்டிய ஒரு நெளிவுத் தாளும் இருக்கும்), நெளிவுப் பக்கம் புட்டியைத் தொடும்படி இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மேலும் கீழும் பக்கங்களிலும் மடித்த அட்டையைத் திண்டுபோல வையுங்கள். முட்டைத் தட்டு செய்யும் காகிதக் கூழில் வார்த்த புட்டித் தாங்கிகளும் கிடைக்கின்றன. உங்கள் புட்டி வடிவத்துக்குப் பொருந்தினால் அவை இன்னும் நல்லவை. நம் ஊரில் குயவர்கள் மாட்டுவண்டியில் பானைகளை ஏற்றியபோது வைக்கோலைத் திணித்துப் பானை பானையோடு மோதாமல் காத்தார்கள், அடிப்படை அதேதான். ஆனாலும் உணவுப் பொருளுக்கு வைக்கோலை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் கூடவே போகும். நறுக்கிய காகித இழைகளையும் தவிர்த்துவிடுங்கள். படத்தில் அழகாகத் தெரியும் அவை பெட்டியைத் திறந்த மறுநொடி தரையெங்கும் சிதறும். குனிந்து பொறுக்க வேண்டியவர் முதியவராக இருந்தால் அது அவருக்குத் தொல்லையே.

எல்லாவற்றையும் காகிதம் என்ற ஒரே பொருளில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். அங்கிருந்து அது ஆலைக்குப் போய் மீண்டும் கிராஃப்ட் என்னும் பழுப்புப் பெட்டிக் காகிதமாகிறது. பப்பிள் ரேப்பைப் பெரும்பாலான கடைகள் எடைக்கு வாங்குவதில்லை. பெட்டியும் மெத்தையும் ஒட்டும் நாடாவும் காகிதமாகவே இருந்தால், வாடிக்கையாளர் எதையும் பிரிக்காமல், மடித்துக் கடைக்குப் போடுவதோடு அவர் வேலை முடிந்துவிடும்.

பெட்டியின் கனத்தைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. உடைந்தவுடன் 3 ப்ளையிலிருந்து 5 ப்ளைக்குத் தாவுகிறார்கள். 2 கிலோவுக்குள் இருக்கும் சிறிய பெட்டிக்கு நல்ல காகிதத்தில் செய்த 3 ப்ளையே போதும். வாங்கும்போது ப்ளை எண்ணிக்கையோடு நிற்காமல், காகிதத்தின் ஜிஎஸ்எம் எவ்வளவு, பிஎஃப் எவ்வளவு என்று கேளுங்கள். முன்னது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, பின்னது அழுத்தத்தில் வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு. நெளிவுகள் மேலிருந்து கீழாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் கொரியர் கிடங்கில் மேலே அடுக்கும் சுமையைப் பெட்டி தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை ஈரத்தை உறிஞ்சித் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும் என்பதால், வாங்கிய பெட்டிகளைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் மரப்பலகையின் மேல் அடுக்குங்கள்.

இப்போது டேப்புக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் வாடிக்கையாளர்களின் கோபம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. என் தாயாருக்கு விரல் மூட்டுகளில் வலி உண்டு. ஒருமுறை அவருக்கு வந்த ஒரு பொட்டலம் காலையிலிருந்து மாலை வரை மேசைமேல் அப்படியே இருந்தது. நான் வேலை முடிந்து வந்து திறந்து தருவேன் என்று காத்திருந்தார். ஆறு பக்கமும் டேப் சுற்றிய அந்தப் பெட்டியைக் கத்தியால் அறுத்துத் திறக்க எனக்கே பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. உள்ளே இருந்தது அவர் தனக்கென்று வாங்கிய ஒரு சிறிய குடுவை. தன் பெயருக்கு வந்த பொருளைத் தானே திறக்க முடியாமல் ஒருவர் காத்திருப்பதைப் பார்த்த பிறகு, திறக்க எளிதாக இருப்பதை ஒரு கூடுதல் வசதி என்று நான் எண்ணுவதில்லை. பொருளை ஒப்படைக்கும் கடமையின் ஒரு பகுதி என்றே எண்ணுகிறேன்.

விற்பவர்கள் ஏன் அப்படிச் சுற்றுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வழியில் யாராவது பெட்டியைப் பிரித்துப் பொருளை எடுத்துவிடுவார்களோ என்ற அச்சமும், திருப்பி அனுப்பப்படும் பெட்டியில் வேறு பொருள் வந்துவிடுமோ என்ற அச்சமும் உண்மையானவை. ஆனால் பிரவுன் டேப்பின் அடுக்குகள் அந்த அச்சத்தைத் தீர்ப்பதில்லை. அறுத்த இடத்தின் மேல் அதேபோன்ற டேப்பை ஒட்டிவிட்டால் பிரித்த தடயமே தெரியாது. எத்தனை சுற்று இருந்தாலும் இதுவே நிலை.

கம் டேப் என்று சொல்லப்படும், தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித நாடா வேறு விதமாக வேலை செய்கிறது. அதன் பசை நனைந்து அட்டையின் இழைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்வதால், அதைப் பிய்க்க முயன்றால் அட்டையின் மேல்தோலும் கூடவே கிழிந்து வரும். யாராவது கைவைத்திருந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். பெட்டியின் நடு இணைப்பின் மேல் ஒரே ஒரு நாடா, இரு முனைகளிலும் 6 செ.மீ. மடிந்து இறங்கினால் போதும். கண்ணாடி இழை சேர்த்த நாடாவும் விற்கிறார்கள். 2 கிலோ பெட்டிக்கு அது தேவையில்லை, கையால் கிழிக்கவும் வராது, ஆகவே சாதாரண நாடாவையே வாங்குங்கள். ஒட்டுவதற்கு முன் இணைப்பின் மேல் ஒரு பருத்தி நூலை நீளவாக்கில் வைத்து, அதன் நுனி இரண்டு விரல்கடை வெளியே நிற்கும்படி விட்டுவிடுங்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் நூலே நாடாவைக் கிழித்துக்கொண்டு வரும். கையிருப்பில் உள்ள பிரவுன் டேப்பைத் தீர்க்கும்வரை, ஒரே ஒரு சுற்றாக ஒட்டி, அதன் முனையை ஒரு செ.மீ. உட்புறமாக மடித்து விடுங்கள். நகத்தால் சுரண்டாமல் பிடித்து உரிக்க அந்த மடிப்பு உதவும்.

நாளொன்றுக்கு ஐம்பது பெட்டிக்கு மேல் போகத் தொடங்கினால், டை என்ற வெட்டச்சால் வெட்டிய, தானே பூட்டிக்கொள்ளும் பெட்டிக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். அதில் பசைப்பட்டையும், கையால் இழுத்துக் கிழிக்கும் பட்டையும் பெட்டியோடு சேர்ந்தே வரும். கிழிபட்டை ஒருமுறை கிழிந்தால் பழையபடி மூடாது என்பதால், திருட்டு அச்சத்துக்கும் அது விடையாகிறது. இரண்டாவது பசைப்பட்டை ஒன்றையும் கேட்டு வைத்துக்கொண்டால், திருப்பி அனுப்புபவர் அதே பெட்டியை டேப் இல்லாமல் மூடி அனுப்பலாம். ஒட்டுப்பலகையில் எஃகுத் தகடு பதித்த டை ஒன்றை ஒருமுறை செய்யும் செலவும், குறைந்தபட்சம் இத்தனை பெட்டி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதில் உண்டு. புட்டியின் அளவு இனி மாறாது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே அந்தச் செலவில் இறங்குங்கள்.

பெட்டியைத் திறந்துவிட்டால் வேலை முடியவில்லை. புட்டியையும் திறக்க வேண்டும். மூடியின் மேல் ஷ்ரிங்க் ஸ்லீவ் என்னும், சூட்டில் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை போடுகிறீர்கள் என்றால், செங்குத்தாக இரண்டு துளைக்கோடுகள் உள்ளதை வாங்குங்கள். கோடில்லாத ஸ்லீவுக்காகத்தான் சமையலறைக் கத்தி புட்டியின் கழுத்துக்கு வருகிறது. மூடியின் உள்ளே ஒட்டும் சீலில் பிறைவடிவப் பிடி வைத்ததைக் கேளுங்கள். அது கண்ணாடிக்கு ஏற்ற சீலா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் பிளாஸ்டிக் புட்டிக்கான இன்டக்ஷன் சீல், அதாவது மின்காந்தச் சூட்டில் ஒட்டும் உலோகத்தாள் சீல், சாதாரணக் கண்ணாடி விளிம்பில் சரியாகப் பிடிப்பதில்லை. எண்ணெய் கசிந்த புகார்களில் பல இதனால் வந்திருக்கலாம். மூடியைச் சரிசெய்யாமல் புட்டிக்கு மேல் மூன்று பிளாஸ்டிக் பைகளை மாட்டுவது கசிவை மறைக்குமே ஒழிய நிறுத்தாது.

இந்த வழியில் பெரிய நிறுவனங்கள் எப்படி வந்தன என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அவர்கள் வைத்த அளவுகோல்கள் உங்களுக்கும் பயன்படும். அமெரிக்காவில் கடைகளில் தொங்கவிட்டு விற்பதற்காகச் செய்யப்பட்ட கெட்டியான பிளாஸ்டிக் கூடுகளும் முறுக்கிய கம்பிக் கட்டுகளும் வாடிக்கையாளர்களைப் பெரிதும் வாட்டின. அமேசான் 2008 நவம்பரில், எரிச்சலூட்டாத பேக்கிங் என்ற பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தை 19 பொருள்களோடு தொடங்கியது. பொம்மை செய்யும் ஃபிஷர்-பிரைஸ், மாட்டெல், கணினித் துறையின் மைக்ரோசாஃப்ட், டிரான்ஸெண்ட் ஆகியவை அதில் சேர்ந்தன. ஃபிஷர்-பிரைஸின் கடற்கொள்ளையர் கப்பல் பொம்மை ஒன்றிலிருந்து மட்டும் 36 அங்குலப் பிளாஸ்டிக் பூசிய கட்டுக்கம்பியும், 1,500 சதுர அங்குலத்துக்கு மேற்பட்ட அச்சடித்த உள்ளட்டையும் நீக்கப்பட்டன. கடை அலமாரியில் கண்ணைக் கவர வேண்டிய தேவை இணைய விற்பனையில் இல்லை என்பதை உணர்ந்ததுதான் அங்கே திருப்பம். உங்கள் பெட்டிக்கும் அது பொருந்தும்: வாங்குபவர் படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டார், ஆகவே வெளிப்பெட்டியில் நான்கு நிற அச்சும் பளபளக்கும் லாமினேஷனும் எதற்கு? லாமினேஷன் செய்த அட்டையை மறுசுழற்சி செய்வதும் கடினம்.

அந்தத் திட்டத்தின் மேல்தரச் சான்றுக்கு, பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் 120 விநாடிக்குள் வெளியே எடுக்க முடிய வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. இந்தியாவில் 2020 ஜூனில் தன் கிடங்குகளின் பேக்கிங்கிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை நீக்கிவிட்டதாக அமேசான் அறிவித்தது. ஃபிளிப்கார்ட் 2021இல் அவ்வாறே அறிவித்தது. இவை அவர்களின் சொந்தக் கிடங்குகளைப் பற்றிய அறிவிப்புகள். உங்களைப் போல விற்பவரே கட்டி அனுப்பும் பெட்டி உங்கள் கையில்தான் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி இரண்டே செய்திகள். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இனிப்புப் பெட்டிகளின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் இருக்கிறது; பண்டிகைக்குத் தேனோடு இனிப்பும் சேர்த்துப் பரிசுப்பெட்டி விற்பதாக எழுதியிருக்கிறீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். அடுத்தது, பெட்டியின் மேல் ‘நூறு சதவீதம் சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். பொய்யான பசுமை விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டுதல்கள் 2024 அக்டோபரில் வெளிவந்துள்ளன. அவற்றின்படி இத்தகைய கூற்றுகளுக்குச் சான்று வேண்டும். ‘பெட்டியும் நாடாவும் காகிதம், பழைய பேப்பர் கடையில் போடலாம்’ என்று எழுதினால் அது உண்மையாகவும் இருக்கும், வாங்கியவருக்கு உதவவும் செய்யும்.

பிளாஸ்டிக் என்றாலே தீது என்ற நிலைப்பாடு எனக்கு இல்லை என்பதையும் இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். பருத்திச் சட்டை ஒன்றைக் கெட்டி அட்டைப்பெட்டியில் அனுப்புவதைவிட மெல்லிய ஒரு பையில் அனுப்பினால் செலவாகும் பொருளின் எடை மிகக் குறைவு. அதேபோல, உடைந்த ஒரு புட்டித் தேனில் வீணாவது கண்ணாடியும் தேனும் மட்டுமல்ல. மறுபடி அனுப்பும் பெட்டியும் வண்டி எரிபொருளும் சேர்ந்து வீணாகின்றன. ஆகவே புதிய பேக்கிங்கைச் சோதிக்காமல் ஓர் ஆர்டரைக்கூட அதில் அனுப்பாதீர்கள்.

சோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. போக்குவரத்துப் பேக்கிங்குக்கான பன்னாட்டு அமைப்பான இஸ்டாவின் 1ஏ என்ற முறையில், 10 கிலோவுக்கு உட்பட்ட பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடுகிறார்கள்; அது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் உயரம். முதலில் அடிப்பக்கத்து மூலை ஒன்று தரையில் படும்படி, அடுத்து அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகளும் ஒவ்வொன்றாக, பிறகு ஆறு முகங்களும். புட்டியில் தண்ணீரை ஊற்றாமல் தேனையே நிரப்பிச் செய்யுங்கள், ஏனென்றால் தேன் அதே அளவு தண்ணீரைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு எடை உள்ளது. போடுவதற்கு முன் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். ஏதாவது நகரும் ஓசை கேட்டால் திண்டைச் சரிசெய்த பிறகே தொடருங்கள். அந்த முறையில் முதலில் அதிர்வுச் சோதனையும் உண்டு. அதற்கு ஈடாக, தொலைவான ஊர்களில் இருக்கும் உறவினர்களுக்கு ஐந்தாறு பெட்டிகளைச் சாதாரண கொரியரிலேயே அனுப்பி, திறப்பதற்கு முன்பும் பின்பும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இத்தனையும் தேறிய பிறகு இன்னொன்று மீதமிருக்கும். அறுபது வயதைத் தாண்டிய, உங்கள் தொழிலைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். கத்தரிக்கோலை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். எங்கே இழுப்பது என்று நீங்கள் வாய்திறந்து சொல்லாதீர்கள். கைக்கடிகாரத்தில் 120 விநாடியை மட்டும் பாருங்கள். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பக்கத்தில்தான் ‘இங்கே இழுக்கவும்’ என்ற சொற்களும், படிக்கத் தெரியாதவருக்கும் வேற்று மொழிக்காரருக்கும் புரியும்படி ஓர் அம்புக்குறியும் வர வேண்டும். அவர் பல்லால் கடிக்கப் போகும் இடம் எதுவோ, அந்த இடத்தைத்தான் அடுத்த பெட்டிக்கு முன்பு நீங்கள் மாற்ற வேண்டும்.